கோபத்துக்குப் பெர்மிட் இல்லை

எங்கள் தெருவுக்குள் ஜீப் நுழையாது. ஜீப்காரர் முனையில் இருந்த தண்ணீர்த் தொட்டியோரம் நிறுத்திவிட்டு, ஹாரனை ஒரு தடவை நீளமாகவும் ஒரு தடவை குட்டையாகவும் அடிப்பார். அது கேட்டதும் பதினோரு வீட்டுக் கதவுகள் திறக்கும். செவ்வாயும் சனியும் சாயங்காலம், அவர் மலையிலிருந்து இறங்கி வரும்போது இது நடக்கும். போடிநாயக்கனூரில் எங்கள் தெரு ஆண்களில் பாதிப்பேர் மேலே ஏலத்தோட்டங்களில் வேலை பார்த்தார்கள். மாதம் ஒரு முறை சம்பளம் வாங்கிக்கொண்டு இறங்குவார்கள். மற்ற நாட்களில் அவர்களுக்கும் வீட்டுக்கும் நடுவில் இருந்தது இந்த ஜீப்காரர் ஒருவர்தான்.

போகும்போது துவைத்த வேட்டி, இருமல் மருந்து, ஊறுகாய், தூக்குவாளியில் குழம்பு என்று ஏற்றிக்கொண்டு போவார். வரும்போது காலித் தூக்குவாளியும் அழுக்கு வேட்டியும் வரும். இவை போக, இரண்டு பக்கமும் சேதி போகும். எங்கள் தெருவில் எழுதத் தெரிந்த பெண்கள் குறைவு. தெரிந்தவர்களுக்கும், எழுதினால் எவன் பிரித்துப் படிப்பானோ என்ற கவலை. வாயால் சொல்லிவிட்டால் போதும், அவர் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார். பதினோரு வீட்டுச் சேதியையும் ஒரு துண்டுச் சீட்டில் குறித்துக்கொண்டதில்லை.

ஆள் குட்டை. சீட்டில் பழைய தலையணை ஒன்றைப் போட்டு உட்கார்ந்தால்தான் ரோடு தெரியும். மலை ஏறும்போது யாரோடும் பேச மாட்டார். வாய்க்குள் எதையோ முணுமுணுத்துக்கொண்டே ஸ்டியரிங்கைத் திருப்புவார். பின்னால் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும், ஏலக்காய் பறிக்கப் போகிற காயெடுப்புப் பெண்கள், பாவா ஓதிக்கொண்டே ஓட்டுகிறார், நமக்கு ஒன்றும் ஆகாது என்று நிம்மதியாக இருப்பார்கள். உண்மையில் அவர் எங்கள் வீட்டு உளுந்தையும் எதிர்வீட்டுப் பல்வலியையும் வரிசைப்படுத்திக்கொண்டு போவார். இதை அவரே சொல்லிச் சிரித்திருக்கிறார்.

அவர் ராவுத்தர். வெள்ளிக்கிழமை தொழுகை முடியாமல் வண்டி நகராது. அம்மா அவரை அண்ணே என்று கூப்பிட்டதால் எங்களுக்கு அவர் மாமா. அப்பாவுக்கு மச்சான், அவருக்கு அப்பா மாப்ளே. எங்கள் பக்கத்தில் இப்படி முறை சொல்லிக் கூப்பிட்டுக்கொள்வதை யாரும் விசேஷமாக நினைத்ததில்லை.

எல்லாவற்றையும் கொண்டுவருவார் என்றேன். ஒன்றை மட்டும் கொண்டுவர மாட்டார். அது எனக்குப் பிடிபட்டது குடையைத் தொலைத்தபோது. ஒரே மழைக்காலத்தில் இரண்டாவது குடை. அம்மா கையில் அகப்பையோடு முனை வரைக்கும் நடந்துபோய், "அண்ணே, இவ அடுத்த குடையையும் தொலச்சுட்டு வந்து நிக்கிறா. அவுகள ஒரு வார்த்த கண்டிச்சுச் சொல்லச் சொல்லுங்க" என்று சொல்லி அனுப்பினாள். சனிக்கிழமை நான் வீட்டுக்குள்ளேயே பதுங்கியிருந்தேன். அவர் வாசலுக்கே வந்துவிட்டார்.

"ஒங்கப்பா நெறையச் சொன்னாரு ஆத்தா. ஒண்ணு விடாம ஏத்திக்கிட்டுத்தான் வந்தேன். முந்தல் செக்போஸ்ட்டுல நிப்பாட்டிட்டாக. கோவத்துக்குப் பெர்மிட் இருக்கான்னு கேட்டாக. இல்லேன்னேன். அங்கனயே எறக்கி வச்சுட்டு வந்துட்டேன்."

"மிச்சம் என்ன மாமா?"

"மிச்சமா? மழையில நனையாமப் போயிட்டு வரச் சொன்னாரு."

முந்தல் மலையடிவாரத்தில் இருக்கிறது. இறங்கி வருகிற வண்டியில் ஏலக்காய் இருந்தால் அங்கே பெர்மிட் பார்ப்பார்கள். அந்த வழக்கத்தை அவர் தன் சௌகரியத்துக்கு எடுத்துக்கொண்டார். அப்பா சொன்னது என்ன என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. குடையில்லாமல் நனைந்து ஜன்னி கண்டு சாகட்டும் என்றாராம். அதிலிருந்து ஜீப்காரர் எப்படி அந்த ஒரு வாக்கியத்தைப் பிரித்து எடுத்தார் என்று இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வருகிறது.

அதன் பிறகு அது எங்கள் வீட்டு விளையாட்டாகிவிட்டது. என்னைவிட மூன்று வயது மூத்தவன் என் அண்ணன். ஹாரன் கேட்டதும் முதலில் ஓடுவது அவன்தான். "மாமா, இன்னிக்குச் செக்போஸ்ட்டுல எத்தன மூட எறக்குனீக?" என்று கேட்பான். "ஒண்ணர மூடப்பு" என்பார். கால்பரீட்சை, அரைப்பரீட்சை மார்க்கு போன வாரங்களில் மூன்று மூட்டை, நான்கு மூட்டை. ஒருமுறை, "வண்டியே தாங்கலப்பு, ஸ்பிரிங்கு ஒடஞ்சிருக்கும்" என்றார். நாங்கள் அப்பாவின் கோபத்தை மூட்டைக் கணக்கில் தெரிந்துகொண்டோம். கோபம் வந்திருக்கிறது என்று தெரியும். எங்கள் மேல் விழாது.

பிராக்ரஸ் கார்டுகளும் அவர் கையில்தான் போகும். கசங்காமல் இருக்க அந்தத் தலையணைக்கு அடியில் வைத்து, மேலே உட்கார்ந்து போவார். அப்பா கையெழுத்துப் போட்டு அனுப்புவார். அண்ணனின் கார்டில் கணக்கு மார்க்கைச் சுற்றி, பேப்பர் கிழியும் அளவுக்கு அழுத்தி ஒரு வட்டம் போட்டிருப்பார். "வட்டம் நல்லா வந்திருக்குல்ல" என்று சொல்லித்தான் கார்டை நீட்டுவார் ஜீப்காரர்.

இந்த வேலை எல்லா வீட்டிலும் பலிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எதிர்வீட்டில் புருஷன் பெண்டாட்டிக்கு ஆறு மாதமாகச் சண்டை. மைத்துனன் வீட்டுப் பால்காய்ச்சுக்குப் புருஷன் மலையிலிருந்து இறங்கி வரவில்லை என்று ஆரம்பித்தது. வாராவாரம் அந்த அம்மாள் வைது அனுப்புவார். இவர் மேலே போய், "ஒடம்ப எப்படி வச்சிருக்கீகன்னு கேக்குது" என்பார். அந்த மனிதர் பதிலுக்கு வைது அனுப்புவார். இங்கே அது, "தீவாளிக்கு என்ன சேலை வேணுமாம்" என்று வந்து சேரும். தீபாவளிக்கு அந்த மனிதர் இறங்கி வந்தார். இரண்டு பேரும் ஆறு மாதம் கேட்ட நல்ல வார்த்தைகளை நம்பி முகமலர்ச்சியோடு வாசலில் சந்தித்தார்கள். கால் மணி நேரத்தில் தெருவே கூடிவிட்டது. ஜீப்காரர் தொட்டியோரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "ஆறு மாசமாப் பேசிச் சேத்து வச்சது. இவுக ரெண்டு பேரும் நேர்ல பேசிக் கெடுத்துட்டாக" என்றார். உண்மையிலேயே வருத்தப்பட்டார்.

எங்கள் வீட்டுக்கு வருகிறேன். அப்பாவுக்குப் பூப்பாறைப் பக்கம் ஒரு தோட்டத்தில், பறித்த காயை உலர்த்துகிற ஸ்டோரில் வேலை. ஆடி ஆவணியில் காய் வர ஆரம்பித்தால் மாசி வரைக்கும் விறகடுப்பு அணையாது. புகையில் இருந்து இருந்து இருமல் ஒட்டிக்கொண்டது. அட்டைக் கடித் தழும்பு முழங்கால் வரைக்கும் இருக்கும். இருபது வருஷம் அப்படி. அவருக்கு எங்களிடம் ஒரே ஒரு எதிர்பார்ப்பு இருந்தது. அதிலும் பெரும்பங்கு அண்ணனிடம். அவன் மலை ஏறக் கூடாது. காத்தாடிக்குக் கீழே மேஜை போட்டு உட்கார்ந்து வேலை பார்க்க வேண்டும். தாலுகா ஆபீசோ பேங்கோ பள்ளிக்கூடமோ, அதில் அவருக்குப் பிடிவாதமில்லை. தலைக்கு மேல் காத்தாடி சுற்ற வேண்டும், அவ்வளவுதான். இதற்காகவே அண்ணனை ஒரு நாள்கூட அவர் தோட்டத்துக்குக் கூட்டிப்போனதில்லை. நான் ஒரு கோடை லீவில் நாலு நாள் போய் இருந்திருக்கிறேன். அவன் முந்தலைத் தாண்டியதில்லை.

தடுத்தால் பிள்ளைக்கு ஆசை வரும் என்பது அப்பாவுக்குத் தோன்றவில்லை. அண்ணன் வீட்டு மச்சில் ஏறி நின்று மலையைப் பார்ப்பான். ஜீப்பைத் துடைத்துக் கொடுப்பான். எந்த வளைவில் எந்த கியர் என்று ஜீப்காரரைக் கேட்டுத் தெரிந்து வைத்திருந்தான். கணக்கும் இங்கிலீசும் அவனுக்கு ஏறவில்லை.

அப்பா மாதாமாதம் வரும்போது நாங்கள் ஓடிப்போய் அவர் பையைப் பிடுங்குவோம். மடியில் ஏறுவோம். நான் தாவணி போட்ட பிறகும் அவர் முதுகில் தொங்கிக்கொண்டிருந்தவள். அவர் ஒரு நிமிஷம் திகைத்துப் போய் எங்களைப் பார்ப்பார். பத்து நாளைக்கு முன்னால் கண்டபடி திட்டி அனுப்பியிருக்கிறோம், இதுகள் கொஞ்சம்கூட உறைக்காமல் சிரிக்கின்றனவே என்று நினைத்திருப்பார். நேரில் திட்ட அவருக்கு வராது. இருக்கிற ஒன்றரை நாளில் எதற்கு என்று விட்டுவிடுவார். திட்டுவதெல்லாம் ஜீப்பில்தான்.

ஜீப்காரரின் மனைவி அம்மாவுக்குப் பழக்கம். மாவரைக்கப் போகிற இடத்தில் பேசிக்கொள்வார்கள். "ஊர்ச் சேதியெல்லாம் பேசிட்டு வருவாக. வீட்டுக்கு வந்தா வாயத் தெறக்க மாட்டாக" என்று அந்த அம்மாள் குறைப்பட்டுக்கொள்வார். அவர் சொல்லித்தான் இது தெரியும். ஜீப்காரரின் தகப்பனார் ஜவுளிக்கடை வைத்திருந்தவர். மகனைக் கல்லாவில் உட்கார வைக்க நினைத்தார். இவர் பதினைந்து வயதில் லாரியில் கிளீனராக ஏறிவிட்டார். அதிலிருந்து ஒன்பது வருஷம் அப்பனும் மகனும் ஒரே வீட்டில் இருந்துகொண்டே பேசிக்கொள்ளவில்லை. நடுவில் அவருடைய தாயார்தான் சேதி சொல்வார். கூடத்தில் அப்பன் சொன்னதை அடுப்படியில் மகனிடம், ஒரு எழுத்து மாறாமல். நல்ல மனுஷி, பொய் சொல்லத் தெரியாது என்றார் அந்த அம்மாள். அப்பன் செத்த அன்றுகூட இவர் லாரியில்தான் இருந்தாராம்.

அண்ணனுக்குப் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்தது. பேப்பரில் அவன் நம்பர் இல்லை. பள்ளிக்கூடத்தில் போய்க் கேட்டதில் கணக்கும் இங்கிலீசும் போயிருந்தன. அவன் அழவில்லை. இரண்டு நாள் சாப்பாட்டைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துபோனான். அம்மா ஜீப்காரரிடம், "உள்ளதச் சொல்லிருங்கண்ணே. அவுக என்ன சொன்னாலும் சரி. அக்டோபர்ல எழுதச் சொல்றாகளா, என்ன செய்யச் சொல்றாகன்னு கேட்டுட்டு வாங்க" என்றாள்.

அண்ணன் என்னிடம், "இன்னிக்குப் பத்து மூட இருக்கும்ல?" என்று கேட்டான். சிரிக்கிற மாதிரிதான் கேட்டான். அவன் பயந்திருந்தான், அந்தப் பத்து மூட்டைக்காகக் காத்துக்கொண்டும் இருந்தான். திட்டு வந்துவிட்டால் அது செக்போஸ்ட்டில் இறங்கிவிடும். அடியில் மிச்சமாக, அக்டோபரில் நன்றாக எழுதச் சொன்னார் என்று ஒன்று வரும். அதைப் பிடித்துக்கொண்டு மறுபடி புத்தகத்தை எடுக்கலாம். நான் அவனோடு தொட்டி வரைக்கும் போனேன்.

ஹாரன் அன்றைக்குச் சரியாகவே அடிக்கப்படவில்லை. அவர் தலையணையை விட்டு இறங்கி, பைகளைக் கொடுத்து முடித்து, கடைசியாகத்தான் எங்களைப் பார்த்தார்.

"எத்தன மூட மாமா?"

"ஒண்ணுமில்லப்பு. ஒங்கப்பா ஒண்ணும் சொல்லல."

"ஒண்ணுமே சொல்லலையா?"

"இல்லப்பு."

அண்ணன் இன்னும் கொஞ்ச நேரம் நின்றான். அவர் வண்டியின் கதவைத் திறந்தார், மூடினார், துணியை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தார். வேறு எதுவும் வரவில்லை. வீட்டுக்கு நடக்கும்போது அண்ணன், "திட்டக்கூட மனசில்லாமப் போச்சு அவருக்கு" என்றான்.

அடுத்த வாரம் அவன் வேறொரு ஜீப்பில் ஏறி மலைக்குப் போய்விட்டான். சாந்தன்பாறைக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டத்தில் களை வெட்டும் ஆட்களோடு சேர்ந்திருக்கிறான் என்று மூன்றாம் நாள் தெரிந்தது. அம்மா இந்தச் சேதியையும் ஜீப்காரரிடம்தான் சொல்லி அனுப்பினாள். அன்று சாயங்காலமே அப்பா அவர் ஜீப்பிலேயே இறங்கி வந்தார். வழியெல்லாம் இரண்டு பேரும் பேசவில்லை என்று கூட வந்தவர்கள் சொன்னார்கள்.

அப்பா வீட்டுக்குள் வரவில்லை. வாசற்படியில் உட்கார்ந்துகொண்டார். ஜீப்காரர் எதிரே நின்றார்.

"மச்சான், அன்னைக்கு அவன்ட்ட என்ன சொன்னீக?"

"நீங்க ஒண்ணும் சொல்லலேன்னு சொன்னேன் மாப்ளே. உள்ளதத்தான் சொன்னேன்."

"சொல்லலதான். ஸ்டோருக்குள்ள ஒக்காந்து அழுதேன்ல. அதப் பாத்தீகல்ல?"

"பாத்தேன்."

"அதச் சொல்லலையா?"

"ஒரு ஆம்பள அழுதத அவன் பிள்ளைட்டப் போயி எப்படிச் சொல்றது மாப்ளே? பொகைன்னு சொல்லலாம்னு பாத்தேன். அது அடுப்பு மூட்டாத மாசம்."

எத்தனையோ வார்த்தையை மாற்றியவர், ஒரே ஒரு நாள் மாற்றாமல் சொல்லியிருக்கிறார். அந்த ஒரு நாளில்தான் என் அண்ணன் போய்விட்டான். அவர் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. அந்தக் கோபத்தில்தான் நான் வாயைத் திறந்தேன்.

"அப்பா, நீங்க திட்டுனது எதுவுமே எங்களுக்கு வந்ததில்லப்பா. நல்லதா நாலு வார்த்த மட்டுந்தான் மாமா சொல்லும்."

அப்பா என்னைப் பார்த்தார். "குடை?" என்றார்.

"மழையில நனையாமப் போகச் சொன்னீகன்னு சொல்லுச்சு."

"கணக்குல வட்டம் போட்டது?"

"வட்டம் நல்லாருக்குன்னுச்சு."

அப்பா குனிந்து முழங்கால் தழும்பைத் தடவினார். அவர் மனதில் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியாது. நாங்கள் அவர் பையைப் பிடுங்கியதும் முதுகில் தொங்கியதும் ஞாபகம் வந்திருக்கலாம். கடைசியில் தலையைத் தூக்கி, "எம்பிள்ளைகளுக்கு வேற ஒரு அப்பனைக் கொண்டாந்து குடுத்திருக்கீக மச்சான்" என்றார். குரலில் கோபம் இல்லை. நன்றி இருந்ததா என்று கேட்டால், அதையும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது.

ஜீப்காரர் தலையைக் குனிந்துகொண்டு போனார். அடுத்த செவ்வாய்க்கிழமை வழக்கம்போல ஹாரன் அடித்தார், பைகளை வாங்கிக்கொண்டார். சேதி சொல்ல வாயெடுத்தவர்களைக் கையைக் காட்டி நிறுத்தினார். "எழுதிக் குடுங்க. இனிமே வாய்ச்சேதி ஏத்துறதில்ல" என்றார். எதிர்வீட்டு அம்மாள், "இது என்ன கூத்து, புளி வாங்கிட்டு வான்னு சொல்றதுக்குப் பேப்பர் வாங்கணுமா?" என்று கேட்டுப் பார்த்தார். அவர் அசையவில்லை. ஏழெட்டு மாதம் தெருவுக்கே கடிதம் எழுதிக் கொடுத்தவள் நான். எழுதி மாளாது. வைகிறதையும் அப்படியே எழுதச் சொல்வார்கள், எழுதினேன். அவரைப் போல எனக்கு மாற்றத் தெரியவில்லை என்றுகூடச் சொல்லலாம்.

அண்ணனுக்கு யாரும் கடிதம் எழுதவில்லை. அம்மா எழுதச் சொன்னாள். அப்பா, "அவனா எறங்கி வரட்டும்" என்று தடுத்துவிட்டார். நான் திருட்டுத்தனமாக எழுதிய ஒரு கடிதத்தில், அப்பா அழுதார் என்று எழுதினேன். அதை அவன் நம்பவில்லை. நான் கட்டிவிட்ட கதை என்று நினைத்தானாம். அக்டோபர் பரீட்சை வந்தது, போனது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அவன் வரவில்லை. அம்மா அவன் பங்கு முறுக்கை டின்னில் போட்டு வைத்தாள். நமுத்துப் போன பிறகு மாட்டுக்கு வைத்தாள்.

மாசி மாதம், ஒரு வியாழக்கிழமை, ஹாரன் இல்லாமல் அவர் வீட்டு வாசலில் வந்து நின்றார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. அம்மா கொண்டுவந்த தண்ணீரை வாங்கிக் குடித்துவிட்டு, சொம்பைத் திருப்பிக் கொடுத்தார்.

"தங்கச்சி, முந்தாநாளு ஒன் மகன் ரோட்டுல வண்டிய மறிச்சான். ஒரு சேதி சொல்லணும்னான். எழுதிக் குடுன்னேன். இது எழுதுற சேதி இல்ல மாமான்னான்."

"என்ன சொன்னான்?"

"திட்டணும்னா நேர்ல வந்து திட்டிட்டுப் போகச் சொல்லுங்கன்னான். இன்னிக்கு வெள்ளனப் போயி அப்படியே மாப்ளேட்ட சொன்னேன். ஒரு வார்த்த கூட்டல, கொறைக்கல. சொல்லும்போது எனக்குத்தான் நெஞ்சு அடிச்சுக்கிருச்சு."

அப்பா உடனே ஸ்டோர் சாவியைப் பக்கத்து ஆளிடம் கொடுத்துவிட்டு வந்து முன்சீட்டில் ஏறிக்கொண்டாராம். நேரே சாந்தன்பாறைக்கு அந்தப் பக்கம் அண்ணன் இருக்கும் தோட்டத்துக்குப் போய் இறங்கினார்கள்.

"என்ன பேசுனாக?" என்றாள் அம்மா.

"கேக்கல தங்கச்சி. வண்டியத் தள்ளி நிறுத்திட்டு பானெட்டத் தெறந்து வச்சுக்கிட்டு நின்னேன். சத்தம் மட்டும் வந்துச்சு. மாப்ளே திட்டுனாரு. அரைமணி நேரத்துக்குக் கொறையாது. பய தலையக் குனிஞ்சுக்கிட்டு நின்னான். நடுவுல ஒரு தடவ சிரிச்ச மாதிரி இருந்துச்சு, தெரியல."

"எறங்கி வர்றானா?"

"இல்ல. மலையிலயேதான் இருக்கானாம். அவனுக்கு அதுதான் பிடிச்சிருக்காம். மாப்ளே சரின்னுட்டாரு."

இருபது வருஷம் அப்பா புகையில் நின்றது எதற்காக என்று அம்மாவுக்குத் தெரியும். அது நடக்கவில்லை. பின்னாலும் நடக்கவில்லை. அண்ணன் பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாமல், மலையிலேயே கல்யாணம் பண்ணி, கடைசிவரை அங்கேதான் இருந்தான். ஆனால் அடுத்த தீபாவளிக்கு வந்தான். அதற்கடுத்த தீபாவளிக்கும் வந்தான்.

ஜீப்காரர் இன்னும் போகவில்லை. வேறு வேலை இல்லாதவர்போல வாசலிலேயே நின்றார். ஒரு சேதியைச் சொல்லாமல் வைத்துக்கொண்டு அவர் அப்படி நின்று நான் பார்த்ததில்லை.

"இன்னும் ஒண்ணு இருக்கு தங்கச்சி" என்றார். "திரும்பிப் பூப்பாறைக்கு வரும்போது மாப்ளே அழுதுக்கிட்டே வந்தாரு. வீட்டுல போயி இதச் சொல்லவான்னு கேட்டேன்."

அம்மா அவரையே பார்த்தாள்.

"சொல்லுங்கன்னாரு."